கையெழுத்திடும் முன்: கிராமப் பணிக்கான மருத்துவக் கல்லூரிகளும் நம் பிள்ளைகளும்

பிளஸ் டூ தேர்வும் நீட் தேர்வும் முடிந்து முடிவுகள் வரும் வாரங்களில், நம் பங்கு அலுவலகங்களில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் அதிகமாகின்றனர். அவர்களுள் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், பெங்களூரிலுள்ள தூய யோவான் மருத்துவக் கல்லூரியின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். 'செயின்ட் ஜான்ஸ்' என்றால்தான் நம் மக்களுக்கு உடனே விளங்கும். கத்தோலிக்கருக்கு அங்கே தனி இடங்கள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த இடங்கள் யாருடைய நோயைத் தீர்ப்பதற்காக ஒதுக்கப்பட்டன என்பது அந்த அளவுக்குத் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தக் கல்லூரியின் கதை பெங்களூரில் தொடங்கவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் தமது 61ஆம் வயதில் கத்தோலிக்கரானவர். அக்காலத்தில் வட இந்தியாவில் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களை ஆண் மருத்துவர் பார்க்க இயலாது. பெண் மருத்துவர்களோ மிகச் சிலரே. பேறுகாலத்தில் தாயும் சேயும் இறந்துகொண்டிருந்தார்கள். இதை அறிந்த மக்லாரன், ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை உருவாக உழைத்தார். ஆனால் அன்றைய திருச்சபைச் சட்டம் அருட்சகோதரிகள் மருத்துவத் தொழில் செய்வதற்கு இடந்தரவில்லை. அதை மாற்றும்படி உரோமைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்த அவர், மாற்றத்தைக் காணாமலேயே 1913இல் இறந்தார்.

அவரைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு 1915இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்ற இளம் மருத்துவரின் கையில் கிடைத்தது. நல்ல வருமானமும் நல்ல பெயரும் பெற்றுவந்த அவர், 1920இல் ஆந்திராவிலுள்ள குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் துறவியானார். மருத்துவப் பணி செய்ய அவருக்குத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டிடமிருந்து தனி அனுமதி கிடைத்தது. மற்ற துறவியருக்கு அந்தக் கதவு திறக்க 1936ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1943இல் அவரது முயற்சியால் இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக விளங்கும் அமைப்பு உருவாயிற்று. கத்தோலிக்கருக்கென ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதைப் பார்க்காமலேயே 1957இல் பெங்களூரில் காலமானார். 2013இல் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார்.

அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1963இல், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தூய யோவான் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மறைந்த திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்கு அது அர்ப்பணிக்கப்பட்டது. அருட்சகோதரிகள் மருத்துவம் கற்கவும், மருத்துவர் இல்லாத இடங்களிலுள்ள மிஷன் மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்கவும் வேண்டும் என்பது அதன் தொடக்க நோக்கங்களுள் முதன்மையானது. அருட்சகோதரிகளுக்கு இடம் ஒதுக்குவது, மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது, பட்டம் பெற்றபின் மருத்துவ வசதி குறைந்த பகுதியில் பணிபுரிய உறுதிமொழி வாங்குவது எல்லாம் அந்த நோக்கத்திலிருந்து வந்தவையே.

ஆகவே நம் கையிலுள்ள திருமுழுக்குச் சான்றிதழை ஒரு சலுகைச் சீட்டாக மட்டும் நினைப்பது சரியன்று. அந்த இடங்களை உருவாக்கியவர்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் வசதியாக வாழ வேண்டும் என்று மட்டும் எண்ணி அவற்றை உருவாக்கவில்லை.

இத்தகைய கல்லூரி இது ஒன்று மட்டுமல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நாம் எல்லாரும் அறிவோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே திருச்சபை அமைப்புகளின் பரிந்துரை பெற்றுச் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தங்களைப் பரிந்துரைத்த அமைப்பு காட்டும் தேவையுள்ள இடத்தில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். மகாராஷ்டிரத்தில் சேவாகிராமத்திலுள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் மருத்துவர் சுசீலா நய்யாரால் தொடங்கப்பட்டது. புதிய மாணவர்கள் முதலில் ஆசிரமத்தில் தங்கிப் பழகுகிறார்கள். பிறகு ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, அதன் குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஜப்பானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமின்றிப் படிக்கவைத்து, ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்திற்கே பணியாற்ற அனுப்புகிறது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்கலாம். கிராமத்திற்கு மருத்துவரை அனுப்புவது எளிது, அவரை அங்கே தங்கவைப்பதுதான் கடினம். உலக நலவாழ்வு அமைப்பு இதைக் குறித்து 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல்களில் முதலிடம் பெறும் யோசனை என்ன தெரியுமா? கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை மருத்துவக் கல்லூரியில் சேருங்கள் என்பதுதான். கிராமத்துப் பிள்ளையே கிராமத்திற்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று பல நாடுகளின் அனுபவம் சொல்கிறது. நம் கடற்கரைப் பங்குகளிலும் மலைப் பங்குகளிலும் கரிசல் காட்டுப் பங்குகளிலும் உள்ள பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். "நம்ம ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று ஒதுங்கிக்கொள்ளும் அந்தப் பிள்ளைகளைத்தான் இத்தகைய கல்லூரிகள் உண்மையில் தேடுகின்றன.

தேடுகின்றன என்றாலும், இன்று அவை நினைத்தபடி தேர்ந்தெடுக்க முடியாது. முன்பு இந்தக் கல்லூரிகள் தாமே நுழைவுத்தேர்வு வைத்தன. வேலூரில் மாணவர்களை நாள் கணக்கில் தங்கவைத்து, குழுவாகப் பேசவிட்டு, தனித்தனியாகக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சேவாகிராமத்தில் காந்தியச் சிந்தனையில் ஒரு தாள் எழுத வேண்டும். "நீ ஏன் மருத்துவராக விரும்புகிறாய்? மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இருக்கச் சம்மதமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவர் இருந்தார். அந்த நாள் போய்விட்டது. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கும் நீட் தேர்வு பொருந்தும் என்று 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பெண் தரவரிசையே இன்று வாசலைத் திறக்கிறது. இதனால் முறைகேடுகள் குறைந்தன என்போரும் உண்டு, கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கிவிட்டனர் என்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் கவலை வேறு. அந்தக் கேள்வியைக் கேட்க இன்று யாரும் இல்லை. கல்லூரி கேட்பதில்லை, கணினி கேட்பதில்லை. வீட்டில்தான் கேட்க வேண்டும்.

ஆண்டவர் இயேசு இரு மகன்களின் உவமையைச் சொன்னார். திராட்சைத் தோட்டத்திற்குப் போகச் சொன்னபோது ஒருவன் மறுத்தான், பின்பு மனம் மாறிப் போனான். மற்றவன் உடனே சரியென்றான், ஆனால் போகவில்லை. மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் வரும் இந்தப் பகுதியைக் கேட்கும்போது, சேர்க்கை நாளன்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடும் குடும்பங்களை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதினெட்டு வயதில் எல்லாரும் சரியென்றுதான் கையெழுத்திடுகிறார்கள். தந்தையும் சாட்சியாகக் கையெழுத்திடுகிறார். நான்கரை ஆண்டு படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் முடியும்போது நிலைமை மாறிவிடுகிறது. உடன் படித்தவர்கள் மேற்படிப்புக்கான பயிற்சி மையத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். கல்விக் கடனுக்கு வங்கி தவணை கேட்கிறது. பெண் பிள்ளையானால் வரன் பார்க்கிறார்கள், "இரண்டு வருஷம் ஜார்கண்டுக்கா அனுப்பப் போறீங்க?" என்று உறவினர் கேட்கிறார்கள். அப்போது பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். பணிக்குப் போகாவிட்டால் கட்ட வேண்டிய தொகை அதில் எழுதியிருக்கிறது. சிலர் அதைக் கட்டணத்தின் கடைசித் தவணை போல எண்ணிக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தொகையால் ஒரு மருத்துவமனைக்கு மருத்துவர் கிடைப்பதில்லை. வடக்கே பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் நம் அருட்சகோதரிகள் நடத்தும் சிறு மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கட்டில் இருக்கிறது, செவிலியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. மருத்துவர் இல்லாததால் அறுவைச் சிகிச்சை அரங்கு பூட்டிக்கிடக்கிறது. குழந்தை குறுக்கே கிடக்கும் தாயை ஜீப்பில் ஏற்றி, அடுத்த நகரத்திற்கு அனுப்புகிறார்கள். வழியில் நேர்வதை நான் எழுத வேண்டியதில்லை.

அங்கே போகும் இளம் மருத்துவருக்கு எப்படிப்பட்ட வேலை காத்திருக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய மருத்துவமனையில் தலைவலிக்கு ஒருவர், வயிற்றுவலிக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்ப்பார்கள். இங்கே காய்ச்சல், காசநோய், பிரசவம், பூச்சிமருந்து குடித்தவர், மரத்திலிருந்து விழுந்தவர் எல்லாரையும் ஒருவரே பார்க்க வேண்டும். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் நம் நாட்டில் தரப்படுகிறது. (அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துத் தருபவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருக்கும் இருளர் மக்கள் என்பது பலருக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பிடித்த பாம்பால் எங்கோ ஒரு மருத்துவர் உயிரைக் காப்பாற்றுகிறார்.) மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சு நின்றுபோகலாம். பக்கத்தில் கேட்க மூத்தவர் இல்லாத இரவில் இருபத்து நான்கு வயது மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். பயம் வரும். மொழியும் புரியாது. இந்தியிலோ ஒடியாவிலோ நாலு வார்த்தை கற்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். ஆனாலும் அந்தக் காலத்தில் கற்றதை வேறெங்கும் கற்றிருக்க முடியாது என்று திரும்பி வந்தவர்கள் சொல்வதுண்டு. சேவாகிராமத்தில் கிராமப் பணி முடித்தவருக்கே மேற்படிப்பில் இடம் என்று விதித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பார் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது பக்திக்கு மட்டும் உரிய பாடமல்ல. விண்ணப்பத்திற்கு முன் ஒரு மாலை நேரத்தில் தந்தையும் தாயும் பிள்ளையும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். படிப்பு ஐந்தரை ஆண்டு, அதன்மேல் பணிக்காலம். அந்தக் காலத்தில் கிடைக்கும் ஊதியம் நகரத்தைவிடக் குறைவாக இருக்கும். கல்விக் கடன் வாங்கினால் படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டில் தவணை தொடங்கும். அந்தத் தவணையை யார் கட்டுவது? தம்பி தங்கை படிப்புக்கு என்ன செய்வது? இதையெல்லாம் பேசிய பிறகு பிள்ளை வேண்டாம் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாட்டில் வேறு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கடவுள் அங்கேயும் அழைக்கிறார். வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லும் பிள்ளை விட்டுக்கொடுத்த இடம், போக மனமுள்ள இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கும்.

பிள்ளை விரும்பினால், இனி நடைமுறை. நீட் தேர்வில் உயிரியலுக்குத் தொண்ணூறு கேள்விகள், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நாற்பத்தைந்து வீதம் என 2025ஆம் ஆண்டுத் தேர்வு பழைய அமைப்புக்குத் திரும்பியது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானதற்கு ஒன்று குறையும். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம் என்பதை நம் தமிழ்வழி மாணவர் மறந்துவிடக் கூடாது. தூய யோவான் கல்லூரிக்கான இடங்கள் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் பதிந்தால் போதும் என்று இருந்துவிட்டு, கர்நாடகத்தில் பதியும் நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கர் ஒதுக்கீடு கோருவோர் தங்கள் சான்றுகளைக் கல்லூரி கேட்கும் முறையில் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேலூருக்கோ, பரிந்துரை செய்யும் உரிமை பெற்ற திருச்சபை அமைப்பிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், நீட் மதிப்பெண் வந்தபின் ஓடினால் பயனில்லை. பணிக்காலம், பிணைத்தொகை, கட்டணம் ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் மட்டுமே பார்க்கவும். அண்ணன் காலத்தில் இருந்தது தம்பி காலத்தில் இருக்காது.

திருமுழுக்குச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவேட்டில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் வேறுபடுவது நம்மிடையே வழக்கம். கோயிலில் அந்தோணி மரியதாஸ், பள்ளியில் ஏ. தாஸ். பதினொன்றாம் வகுப்பிலேயே இதைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால், கலந்தாய்வு நாளில் பங்குத்தந்தையைத் தேடி அலைய வேண்டாம். திருமுழுக்கு வேறு பங்கில் நடந்திருந்தால் அங்கே எழுதிப் பெற நாளாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளை அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. இது நியாயமா என்று கேட்பது ஒருபுறமிருக்க, நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவச நீட் பயிற்சி தர ஒவ்வொரு மறைவட்டத்திலும் ஒரு மையமாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் நம் பங்குகளில் இல்லாமலா போனார்கள்?

இடம் வாங்கித் தருகிறோம், ஆயர் இல்லத்தில் ஆள் தெரியும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இடம் தரவரிசைப்படி கலந்தாய்வில்தான் கிடைக்கிறது. பங்குத்தந்தை தருவது சான்றுதானே தவிர, இடம் அல்ல.

கோடை விடுமுறையில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அருட்சகோதரிகள் நடத்தும் மருந்தகமோ சிறு மருத்துவமனையோ நம் மறைமாவட்டங்களின் உட்பகுதிகளில் இருக்கிறது. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளையை அங்கே ஒரு வாரம் தங்க அனுமதி கேளுங்கள். காலையில் புறநோயாளிகள் வரிசையில் சீட்டு எழுதட்டும், மாலையில் கட்டுப்போடும் அறையைத் துடைக்கட்டும், இரவில் யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போகட்டும். வாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.